அமெரிக்க நீதிபதிகளின் இளம் சட்ட உதவியாளர்கள்: பரவும் செய்தியும் உண்மையும்

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளிடம் பணிபுரியும் இளம் வழக்கறிஞர்கள், பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானால் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி வழக்குத் தொடரலாம் என்று பரவும் செய்தி தவறானது. அச்சட்டத்தின் ஏழாம் பகுதி தனியார் நிறுவன ஊழியர்களுக்கு அளிக்கும் பாதுகாப்பு, அதே சட்டம் குறித்த தீர்ப்புகளுக்கு வரைவு எழுதித் தரும் இவர்களுக்குக் கிடையாது என்பது வேதனைக்குரியது. அந்நாட்டு நாடாளுமன்ற ஊழியர்களுக்கு இப்பாதுகாப்பைத் தரும் தனிச் சட்டம் 1995இல் வந்தது. நீதிபதிகளின் உதவியாளர்களுக்கு இருப்பதோ நீதித்துறை தானே வகுத்துக்கொண்ட உள்புகார் முறை மட்டுமே. நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி, முன்னாள் உதவியாளர்கள் உள்ளிட்டோரின் புகார்களை அடுத்து 2017இல் பதவி விலகினார். அதன்பின் 2019இல் திருத்தப்பட்ட நடத்தை விதிகள், ரகசியம் காக்கும் கடமை முறைகேட்டைப் புகாரளிப்பதற்குத் தடையல்ல எனத் தெளிவுபடுத்தின. நல்ல திருத்தமே, எனினும் வழக்குரிமைக்கு ஈடாகாது. அவ்வுரிமையை வழங்க 2021இல் முன்வைக்கப்பட்ட மசோதா நிறைவேறவில்லை.