அந்த அக்காவை விடுங்கள், பை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

அந்த வீடியோ இந்நேரம் எல்லாருக்கும் வந்திருக்கும். எனக்கு மட்டும் நான்கு குழுக்களிலிருந்து வந்துவிட்டது. பசாரில் தோசை விற்கிற அக்கா சாம்பாரைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் சுற்றிக்கொண்டிருக்கிறார். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு தம்பி, "இந்தப் பைதான் நாளைக்கு ஆமை வயித்துல கிடக்கும், தெரியுமா?" என்று கேட்கிறார். அக்கா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. தண்ணீரில் மிதக்கிற பையை ஆமை சொறிமீன் என்று நினைத்து விழுங்கிவிடும். நம் பினாங்குத் தீவிலேயே பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பை அக்கா கைக்கு எப்படி வந்தது என்று அவர் ஏன் கேட்கவில்லை? அக்கா அதைச் செய்யவில்லை. வேறு பொருள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதைத்தான் வாங்கியிருப்பார்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், என் அம்மாவும் வடை விற்றவர். பட்டர்வொர்த்தில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ஒரு மேசை, ஒரு குடை. வாழை இலையை அளவாக நறுக்கி அடுப்பு அனலில் வாட்டுவார். நரம்பு இளகி இலை துணி மாதிரி மடங்கும். அதில் நாலு வடையை வைத்து, மேலே நாளிதழைச் சுற்றிக் கொடுப்பார். சட்னி வேண்டுமென்றால் வீட்டிலிருந்து மங்கு கொண்டு வர வேண்டும், கொண்டும் வந்தார்கள். அப்புறம் மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள், "பையில கட்டிக் கொடுங்கம்மா, ஹேண்டல்ல மாட்டிக்கிறேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா மாட்டேன் என்றார். அவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். மறுமாதமே அம்மாவும் பை வாங்கினார். இலை மழைக்காலத்தில் கிழிந்து வரும், சில நாள் வரவே வராது. பை எப்போதும் கிடைக்கும், விலையும் குறைவு. என் அம்மாவைக் கடல் கொலைகாரி என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"அப்போ பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்குறீங்களா?" என்று உள்பெட்டியில் கேட்டவருக்கு: இல்லை. பையைக் குறைக்கத்தான் சொல்கிறேன், ஆனால் வருகிற வழியில் குறைக்கச் சொல்கிறேன். 2009-இல் பினாங்கில் திங்கட்கிழமைகளில் இலவசப் பை கிடையாது என்றார்கள். 2011 முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு வாங்க ஆரம்பித்தார்கள். முதலில் நானும் முணுமுணுத்தேன். இன்று என் கைப்பையில் எப்போதும் ஒரு துணிப்பை மடித்துக் கிடக்கிறது. யாரும் வீடியோ எடுத்து என்னைத் திருத்தவில்லை. விதி மாறியது, பழக்கம் மாறியது, அவ்வளவுதான்.

"மறுசுழற்சி இருக்கே" என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லும் பொறுமை இல்லை. 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடுதான். சாம்பார் ஒட்டிய மெல்லிய பையை எந்த ஆலையும் விரும்பி எடுக்காது.

"நம்ம ஆளுங்க லொங்காங்ல வீசுறதில்லையா?" வீசுகிறோம், அந்தச் சாக்கடையில்தான். இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் சாலையோரம் நடந்து பாருங்கள், மிதிபட்ட கோப்பைகளும் போத்தல்களும் காலில் இடறும். ஒரு மழை பெய்தால் போதும், லொங்காங்கிலிருந்து சுங்கைக்கு, அந்த ஆற்றிலிருந்து கடலுக்கு. பந்தல் போடுகிறவர்கள் எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம், கழுவ நாலு பேரை நிறுத்தலாம். இதை நான் குடும்பத்தில் சொல்லித் திட்டு வாங்கியவள், அதனால் எனக்கு அக்கறை இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஆனால் நம் குப்பையை மட்டுமா பேசுவது? 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை மூடியதும் அது நம் மலேசியா பக்கம் திரும்பியது. 2020 ஜனவரியில் 150 கொள்கலன்கள், 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. அதில் நிறைய நம் பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவை. அங்கே வீட்டு வாசலில் ஒழுங்காகப் பிரித்து வைத்த குப்பை கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. அவர்களிடம் போய்க் கைப்பேசியை நீட்டியது யார்?

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பையாகவோ போத்தலாகவோ ஆகாத மூலப்பொருள். மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்தார்கள். எந்தத் தோசைக்கடை அக்காவுக்கு அதில் பங்கு? 2025 ஆகஸ்டில் பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உடன்படிக்கைக்காக ஜெனீவாவில் நாடுகள் கூடின, உற்பத்திக்கு வரம்பு வைப்பதா வேண்டாமா என்பதிலேயே இழுபட்டு, உடன்பாடில்லாமல் கலைந்தன. குழாயை மூட மனசில்லாதவர்கள் அங்கே, தரையைத் துடைக்காததற்கு ஏச்சு வாங்குகிறவர் இங்கே பசாரில்.

நானும் கடற்கரை சுத்தம் செய்யப் போயிருக்கிறேன், மகளையும் கூட்டிக்கொண்டு, பத்து பெரிங்கி பக்கம். பாதி மணலில் புதைந்த ஒரு பழைய பையை மகள் பிடித்து இழுத்தாள். வெயிலில் காய்ந்து போன பை, அப்பளம் மாதிரி நொறுங்கியது. விரலில் ஒட்டியது கொஞ்சம், மீதி மணலோடு மணலாகிவிட்டது. உட்கார்ந்து பொறுக்கப் பார்த்தோம். அரிசிக் குருணையை விடச் சின்னத் துண்டுகள், எடுக்க எடுக்க இன்னும் உடைந்தன. அப்புறம் ஒரு அலை வந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. கடலுக்கு வந்த பிறகு பொறுக்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்கே போய்விட்டது.

நேற்று காலை தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு அந்த அக்கா கடைக்குப் போனேன். ஐந்து தோசை, சாம்பாரை இதில் ஊற்றுங்கள் அக்கா என்று நீட்டினேன். அவர் சட்டியை வாங்கவில்லை. என் இன்னொரு கையில் இருந்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வீடியோ எடுக்கவாம்மா வந்த?"