சிங்கத்த விரட்டினது புலி இல்ல
ஒருத்தர் "புலி அடிச்சு விரட்டுனதாலதான் ஆசிய சிங்கம் குஜராத்தோட கிர் காட்டுக்குள்ள ஒடுங்கிடுச்சு, இனிமே பரவவே முடியாது"ன்னு போட்டிருக்கார், 300 லைக் வேற. தப்புங்க. தெற்கு ஈராக்லயும் ஈரானோட குஜிஸ்தான் பக்கமும் புலி இருந்ததா பதிவே இல்ல, அங்கயும் சிங்கம் அழிஞ்சுதான் போச்சு, ஈரான்ல கடைசியா பாத்தது 1940கள்ல. இந்தியால 19ம் நூற்றாண்டு ஆரம்பத்துல டெல்லி, ஹரியானா, பீகார் வரைக்கும் இருந்துச்சு, திறந்தவெளில கூட்டமா திரியுற மிருகம், துப்பாக்கிய தூக்கிட்டு வந்த வெள்ளக்கார அதிகாரிங்களுக்கும் ராஜாக்களுக்கும் சுட ஈஸி, கூடவே புல்வெளி எல்லாம் வயலாச்சு, அவ்ளோதான் கதை. கிர்ல மட்டும் தப்பிச்சதுக்குக் காரணம் அந்தக் காட்ட ஆண்ட ஜுனாகத் சமஸ்தான நவாப் வேட்டைக்கு தடை போட்டதுதான், புலி இரக்கப்பட்டு விட்டு வெக்கல.

"இனிமே பரவவே முடியாது"ன்னு அவர் சொன்னதும் சரியில்ல. 2020ல 674 சிங்கம், 2025 கணக்குல 891, அதுல பாதிக்கு மேல கிர் சரணாலயத்துக்கு வெளிய அம்ரேலி, பாவ்நகர் பக்கம் வயல்காட்டுலயும் ஆத்தோரத்துலயும் இருக்கு. போர்பந்தர் பக்கம் இருக்கற பர்தா மலைக்கு 2023ல ஒரு ஆண் சிங்கம் தானாவே நடந்து போச்சு.

ஆனா எல்லாமே ஒரே மாநிலத்துல இருக்கறது ரிஸ்க், 2018ல நாய்ங்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் வந்து கொத்தா செத்துச்சே. மத்திய பிரதேசத்துல இருக்கற குனோ காட்டுக்கு கொஞ்சம் சிங்கத்த மாத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2013லயே தீர்ப்பு சொல்லிருச்சு, ஆனா 2022ல அங்க போய் இறங்குனது சிங்கம் இல்ல, நமீபியா சீட்டா.