‘பிடிக்கலைன்னா காலி பண்ணு’ என்கிற அறிவாளிகளுக்கு

வாடகையை ஏற்றி ஒரு ஹவுஸ் ஓனர் குடியிருப்பவருக்கு அனுப்பி, இப்போது ஊரெல்லாம் சுற்றுகிற அந்த வாய்ஸ் நோட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் கேட்டாயிற்று, ஃபார்வேர்டும் பண்ணியாயிற்று. என் எரிச்சல் அந்த ஹவுஸ் ஓனர் மேல்கூட இல்லை. 18,000 வாடகையை ஒரே மூச்சில் 25,000 ஆக்கிவிட்டு, “ஆடி பிறக்கறதுக்குள்ள முடிவு சொல்லிடுங்கம்மா, அப்புறம் உங்களுக்கும் குடி போக முடியாது, எனக்கும் ஆள் வராது” என்று என்ன அக்கறையாகப் பேசுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதைப் பகிர்ந்த பதிவின் கீழே இருந்த கமெண்ட்டுகளைப் பார்த்துத்தான். “அவர் வீடு, அவர் இஷ்டம். பிடிக்கலைன்னா காலி பண்ணு.” எழுதியவர்களில் பாதிப் பேர் நம் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். நேற்றுவரை வாடகை வீட்டில் இருந்து, இன்றைக்கு இஎம்ஐ கட்டுகிறவர்கள்.

காலி பண்ணு. ரொம்ப சுலபம் இல்லையா?

சரி, பண்ணுகிறேன். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் ஆறு மாதம், பழைய காலத்து ஓனர்களாக இருந்தால் இன்றைக்கும் பத்து மாதம் கேட்பார்கள். இங்கே கொடுத்த அட்வான்ஸ் சாவியைக் கொடுத்த பிறகுதான் வரும், அதுவும் அவருக்கு மனம் வந்தால். ஆக இரண்டு அட்வான்ஸையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். ஏசியைக் கழற்ற ஒரு காசு, மாட்ட ஒரு காசு, கேஸ் நிரப்ப ஒரு காசு. கேஸ் கனெக்‌ஷன், இன்டர்நெட், ஆதார் விலாசம் எல்லாம் மாற்ற வேண்டும். பிள்ளையின் ஸ்கூல் வேன் அந்தத் தெருவுக்கு வராது என்பான். ஸ்கூலை மாற்றலாம் என்றால் நடு வருஷத்தில் யார் சேர்ப்பார்கள்? இத்தனையும் அந்த ஓனருக்கு நன்றாகத் தெரியும். ஏற்றிக் கேட்கும் தொகை காலி பண்ணும் செலவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும், நாம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடுவோம். இதற்குப் பெயர் மார்க்கெட் ரேட்டாம்.

“சட்டம்தான் இருக்கே” என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறது ஐயா. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017இல் இயற்றிய புதுச் சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று உண்டு, கட்டடத்துக்கும் மனைக்கும் மதிப்புப் போட்டுக் கணக்கிடுவார்கள். புதுச் சட்டத்தில் வாடகை எவ்வளவு என்பது ஒப்பந்தப்படி, எவ்வளவு ஏறும் என்பதும் ஒப்பந்தப்படி. இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஒரு எண் கிடையாது. அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால். எழுதிக்கொள்ளாத ஓனர் சென்னையில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

எல்லாம் ஒப்பந்தப்படி. அந்த ஒப்பந்தம் யார் எழுதியது? என் கேள்வி அது ஒன்றுதான். ஒரு பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு ஓனர் அடித்துக்கொண்டு வருவார். நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு கமாவை மாற்ற முடியாது.

இப்போது இருக்கும் வீட்டுக்கு வரும்போது கேட்டேன். “சார், வருஷத்துக்கு அஞ்சு சதவீதம்தான் ஏத்துவோம்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா?” அவர் சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்தார். “என்ன சார், நாமெல்லாம் ஒரே ஃபேமிலி மாதிரி. இதையெல்லாம் எழுத்துல எதுக்கு?” ஃபில்டர் காபி வேறு கொடுத்தார். பதினோரு மாதம் முடிந்ததும் அந்த ஃபேமிலி கேட்டது இருபது சதவீதம். அப்போது காபி இல்லை.

உடனே வருவார்கள், சொத்து வரி ஏறிடுச்சு என்று. 2022இல் ஏற்றினார்கள்தான், மறுக்கவில்லை. பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் 50 சதவீதம், 1,800க்கு மேல் 150 சதவீதம். ஆனால் ஒரு சாதாரண ஃபிளாட்டுக்கு அது அரையாண்டுக்குச் சில ஆயிரம். நீங்கள் ஏற்றுவது மாதம் 7,000, வருஷத்துக்கு 84,000. கணக்கு நானும் படித்திருக்கிறேன்.

இஎம்ஐ? உங்கள் கடனுக்கு நான் ஜாமீன் போடவில்லை.

“பென்ஷன் இல்லாத பெரியவங்க வாடகையை நம்பித்தானே இருக்காங்க” என்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கிறேன். உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்தோ ஏழோ சதவீதம் என்றால் அவர்களுக்கும் ஏறும், எங்களுக்கும் தெரிந்த செலவாக இருக்கும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் பெரியவர்கள் பெயரைச் சொல்லி மற்றவர்கள் கேட்பது.

சௌகார்பேட்டையில் இருநூறு ரூபாய் வாடகையில் தாத்தா காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்ற பாட்டைத் தயவுசெய்து இங்கே பாடாதீர்கள். அவர்களைக் காப்பாற்றிய பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்கள் கணக்கை என் தலையில் எழுதாதீர்கள்.

வாடகை ஏற்றுவதற்கு வரம்பு போட்டால் வீடே கட்ட மாட்டார்களாம். மகாராஷ்டிராவின் 1999 சட்டம் வருஷத்துக்கு 4 சதவீதம் என்கிறது. டெல்லிச் சட்டம் மூன்று வருஷத்துக்கு 10 சதவீதம் என்கிறது. தெரியும், இதெல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. டெல்லியில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினாலே சட்டம் ஒதுங்கிக்கொள்ளும். ஜெர்மனியில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு மூன்று வருஷத்தில் 20 சதவீதம், வீடு கிடைக்காத நகரங்களில் 15. அங்கேயெல்லாம் ஜனங்கள் மரத்தடியிலா படுக்கிறார்கள்?

வாடகை ஏறுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன முறை வீடு தேடும்போது நங்கநல்லூரில் புரோக்கர் காதோடு சொன்னார், “ஓனர் கேட்டா முட்டை மட்டும்னு சொல்லுங்க சார்.” இன்னொரு இடத்தில் அந்தம்மா நேரடியாகவே கேட்டார், “நீங்க என்ன ஆளுங்க?” மாதம் பிறந்தால் தவறாமல் வாடகை போடுகிற ஆளுங்க என்று சொல்லியிருக்க வேண்டும், மனைவி கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இப்போது இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பாவின் போட்டோவை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறோம். கரண்ட்டுக்குத் தனி சப் மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய். அரசாங்கம் கொடுக்கும் இலவச யூனிட் எந்த வீட்டுக்குப் போகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் மோட்டார் ரிப்பேர் ஆகிவிடும். தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது என்று அந்த 2017 சட்டம் சொல்கிறதே, வாடகை அதிகாரியிடம் போகலாமே என்பீர்கள். போகலாம். போய்விட்டு அதே மாடிப்படியில்தான் ஏறி வர வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் ‘நன்றி கெட்டவன்’ என்று ஒருவர் போடுவார். இலவசமாகவா இருக்கிறேன்?

இன்னொன்று. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதிலும் ‘அல்லது ஒப்பந்தப்படி’ உண்டு, கவலைப்படாதீர்கள். போன வீட்டில் ஒப்பந்தத்தில் பெயின்ட் என்ற பேச்சே இல்லை. அட்வான்ஸைத் திருப்பும்போது மட்டும் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் சுவரில் கிறுக்கிவிட்டாளாம். சரி என்று விட்டுவிட்டேன். அங்கே இப்போது குடியிருப்பவரைப் போன வாரம் காய்கறிக் கடையில் பார்த்தேன். “உங்க பாப்பா எழுதின அ ஆ இ ஈ ஹால்ல அப்படியே இருக்கு சார்” என்றார். அவர் காலி பண்ணும்போது அவரிடமும் பெயின்டிங்குக்குப் பிடிப்பார்கள்.