மிளகாய்க் காரத்தால் வயிற்றுப்புண் வருமா?

மிளகாய் அதிகம் தின்றால் காரம் இரைப்பையை அரித்துப் புண்ணாக்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவல் தவறானது. பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவோ, ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளோதான். ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் அந்த நுண்ணுயிரியை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினர். புண்ணுக்கு அதுதான் காரணம் என்பதை மருத்துவ உலகம் நம்பத் தயங்கவே, 1984இல் மார்ஷல் அது கலந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு ஆளானார். (துணிச்சல்தான், யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.) 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

அப்படியானால் எரிச்சல் ஏன்? மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்னும் பொருள், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டிவிடுவதால், திசு எதுவும் வேகாதபோதும் சுட்டுவிட்டதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ உள்ளவர்களுக்குக் காரம் தொல்லையைக் கூட்டக்கூடும் என்பது உண்மையே; ஆனால் காரத்தை மட்டும் நிறுத்தினால் பாக்டீரியா போய்விடாது. அதற்குப் பரிசோதனையும், மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தேவை. மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.