கடல் எதற்கு அமாண்டாவைத் தண்டிக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம், பெயர் சொல்லப் போவதில்லை. மகள் மாவட்ட வாலிபால் அணிக்குத் தேர்வாகிவிட்டாள், வீட்டில் கொஞ்சம் துள்ளியிருக்கிறாள். அம்மா உடனே எனிட் பிளைட்டன் எழுதிய பள்ளி விடுதிக் கதைத் தொடரான மேலரி டவர்ஸின் கடைசிப் புத்தகத்தை எடுத்து அமாண்டா கதையை வாசித்துக் காட்டினாராம். "அன்றைக்கே வாலைச் சுருட்டிக்கொண்டாள்" என்று பெருமையாக ஒரு பதிவு, கீழே இதயங்களாகப் பொழிந்திருந்தார்கள். நான் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அமாண்டா செய்த குற்றம் என்ன? அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே அடுக்கவில்லை. "குழந்தைப் புத்தகத்துக்கு இவ்வளவு டென்ஷனா அக்கா?" என்பதுதான் அவற்றில் மரியாதையானது.

ஆமாம் தம்பி, டென்ஷன்தான்.

அமாண்டா பெரிய உடம்புக்காரி. டென்னிஸ், நீச்சல் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. ஒலிம்பிக்குக்குப் போகப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். புத்தகம் வந்தது 1951; அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக். எதற்கும் துப்பில்லாதவள் அப்படிச் சொன்னால் சிரிக்கலாம். இவளுக்குத் துப்பு இருக்கிறது, எனிட் பிளைட்டனே அதை ஒப்புக்கொள்கிறார். பள்ளியின் நீச்சல் குளம் இவளுக்குப் போதவில்லை. போகாதே என்று எச்சரித்த பிறகும் விடிகாலையில் தனியாகக் கடலில் இறங்குகிறாள், நீரோட்டம் இழுத்துப் பாறையில் மோதுகிறது. உயிர் பிழைக்கிறாள். கை கால் தசைகள் போய்விட்டன, ஒலிம்பிக் போய்விட்டது. சரி, இனி சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடு, அதிலும் மகிழ்ச்சி இருக்கிறது என்று கதை முடிகிறது. விதியை மீறியதற்கு ஒரு வாரம் குளத்துப் பக்கம் வரக் கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். இந்தப் புத்தகங்களில் டீச்சர்கள் கொடுக்கும் தண்டனை ஒன்றுமே இல்லை. நாலு வரி இம்போசிஷன், கொஞ்சம் முறைப்பு. கொடூரமான தண்டனைகளைக் கொடுப்பது கடலும் மழையும் நோயும். அவையும் யாரைத் தேடிப் பிடித்து அடிக்கின்றன? எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணை.

அதே தொடரில் வரும் மேவிஸைப் பாருங்கள். அற்புதமான குரல், பாடகியாகும் கனவு, அதைப் பற்றிய அலட்டலும் உண்டு. அனுமதியில்லாமல் ஒரு திறமைப் போட்டிக்குப் போகிறாள், திரும்பி வர வழியில்லாமல் மழையில் நனைகிறாள், குரல் போய்விடுகிறது. கால் உடையவில்லை, காய்ச்சலோடு விடவில்லை, குறிபார்த்துக் குரல். "அப்புறம் திரும்பி வந்ததே!" என்பீர்கள். வந்தது, அவள் அடக்கமான பெண்ணாகிவிட்டாள் என்று எல்லாருக்கும் திருப்தியான பிறகு வந்தது.

இப்போது தொடரின் கதாநாயகி டேரல். எனக்கும் டேரலைப் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன். முதல் புத்தகத்தில் அவள் கோபத்தில் வகுப்புத் தோழி ஸாலியைப் பிடித்துத் தள்ளுகிறாள். ஸாலி விழுகிறாள், பிறகு கடும் நோயில் படுக்கிறாள். ஐயோ, என்னால்தானோ என்று டேரல் துடிக்கிறாள். பார்த்தால் அது அப்பெண்டிஸைட்டிஸாம்! தள்ளியதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையாம். அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றுவது யார்? டேரலின் அப்பா. கதாநாயகி கையால் நடந்த தப்பை இதைவிட அழகாகத் துடைக்க முடியாது. அதே பருவத்தில்தான் நீச்சல் குளத்தில் வைத்து இன்னொரு வகுப்புத் தோழி குவென்டலினைப் பளார் பளார் என்று அறைகிறாள். குவென்டலின் அதற்கு முன் மேரி லூவைத் தண்ணீருக்குள் அமுக்கியிருந்தாள், நான் மறைக்கவில்லை. டேரல் மன்னிப்பும் கேட்டாள். பின்னால் ஜூன் என்ற இளைய மாணவியைப் பிடித்து உலுக்கியதற்காக வகுப்புத் தலைவி பதவி போனது, அதுவும் தெரியும், பட்டியலைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கடைசி ஆண்டில் பள்ளிக்கே தலைவி ஆனாளா இல்லையா? அவளை எந்தக் கடலும் தேடி வரவில்லை.

"அது அந்தக் காலம், 1940களின் இங்கிலாந்து, இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது" என்று ஒருவர் பாடம் எடுத்தார். அதற்கு நூறு ஆண்டு முன்பு, 1847இல் வந்தது ஜேன் எயர் நாவல். அதில் லோவுட் பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் என்ற மாணவி நகம் சுத்தமில்லை என்று திட்டு வாங்குகிறாள். காலையில் ஜாடித் தண்ணீரே உறைந்து கிடந்தது, எதை வைத்துக் கழுவுவாள்? அதை அவள் சொல்வதுகூட இல்லை. குச்சிக் கட்டைத் தானே போய் எடுத்து வந்து கொடுத்துவிட்டுக் கழுத்தில் அடி வாங்குகிறாள். ஜேனை ஸ்டூல் மேல் ஏற்றி, இவள் பொய்க்காரி, யாரும் இவளோடு சேரக் கூடாது, பேசக் கூடாது என்கிறார் பள்ளியை நடத்தும் பிராக்கிள்ஹர்ஸ்ட். படிக்கும்போது அந்த ஆளின் கழுத்தை நெரிக்கத் தோன்றும், அப்படித்தான் எழுதியிருக்கிறார் சார்லட் பிராண்டி. அவருடைய அக்காமார் இருவர் கோவன் பிரிட்ஜ் பள்ளியில் படித்தபோது நோயில் விழுந்து, 1825இல் அடுத்தடுத்து இறந்தவர்கள். அந்தக் காலத்துக்கும் கண் இருந்தது ஐயா.

அதே "யாரும் பேசக் கூடாது" தண்டனை பிளைட்டனிடம் வந்ததும் எப்படி மாறுகிறது பாருங்கள். அவருடைய இன்னொரு பள்ளித் தொடரான செயின்ட் கிளேர்ஸில் மார்ஜரி என்றொரு முரட்டுப் பெண். பாட் என்ற மாணவி பின்னிய ஸ்வெட்டரைக் கிழித்தது அவள்தான் என்று வகுப்பே முடிவு செய்து பேச்சை நிறுத்துகிறது. செய்தது எரிகா என்ற இன்னொருத்தி. அது எப்போது வெளியே வருகிறது? தீயில் மாட்டிய எரிகாவை மார்ஜரி உயிரைப் பணயம் வைத்து மீட்ட பிறகு. குற்றமே செய்யாதவள் தீக்குள் போய் வர வேண்டும். சீதைக்கு அடுத்து இவள்தான்.

இதை நான் வெறும் புத்தக விஷயமாகப் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் ஹாஸ்டலில் இருந்தபோது ஒருத்தியின் டிரங்குப் பெட்டியிலிருந்து பணம் காணாமல் போனது. அன்று காய்ச்சல் என்று அறையில் படுத்திருந்தவள் நான் ஒருத்திதான். வார்டன் விசாரிக்கவில்லை. "அவளே வந்து சொல்லும்வரை யாரும் அவளோடு பேசக் கூடாது" என்றார். மெஸ்ஸில் ரச வாளியோடு வரும் பெண் எல்லாருக்கும் ஊற்றுவாள், என்னிடம் வந்ததும் கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானே எடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். அவளுக்கும் என் மேல் கோபம் ஒன்றும் கிடையாது, பயம். பிறகு பணம் அதன் சொந்தக்காரியின் ஜியாமெட்ரி பாக்ஸில், அட்டவணைத் தாளுக்கு அடியில் இருந்தது. இரவு பிரேயர் முடிந்ததும் வார்டன் சொன்னார்: "சரி, இனிமே எல்லாரும் பேசலாம்." அவ்வளவுதான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கதையில் ஒரு தீ விபத்தாவது கிடைக்கிறது.

"ஆனாலும் உன்னை அது உறுதியாக்கியது" என்று ஒரு பெரியவர் எழுதுவார், தெரியும். உறுதி எல்லாம் ஒன்றும் ஆகவில்லை சார். நாலு பேர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

"அப்படியானால் இந்தப் புத்தகங்களைத் தடை செய்யணுமா?" இப்படி யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? நடுராத்திரி விருந்து, ஜிஞ்சர் பீர், மாம்செல் என்ற பிரெஞ்சு டீச்சரிடம் விளையாடும் குறும்பு எல்லாவற்றுக்கும் ஏங்கி வளர்ந்தவள்தான் நானும். வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். மகளுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஜெயித்துவிட்டு வந்த பிள்ளையிடம் அமாண்டாவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பெண் என்ன செய்தாள்? தேர்வானாள். சந்தோஷப்பட்டாள். அதற்கு ஒரு பாறையைக் காட்ட வேண்டுமா?

கடைசியாக குவென்டலின். அவளுக்காகப் பேச இந்த உலகில் யாருமே கிடையாது, நானே பேசிவிடுகிறேன். சோம்பேறி, புளுகுணி, பணத் திமிர் பிடித்தவள், மற்றவள் பேனாவை உடைத்துப் பழியை டேரல் மேல் போட்டவள், எல்லாம் சரி. ஆறு புத்தகம் முழுக்க எல்லாரும் அவளைத் திட்டியாயிற்று. அது போதவில்லை. சுவிட்சர்லாந்தில் போய்ப் படிக்க ஆசைப்பட்டு அப்பாவோடு சண்டை போடுகிறாள், கேட்கக் கூடாத பேச்செல்லாம் பேசுகிறாள். உடனே அப்பா நோயில் விழுகிறார், பருவத்தின் நடுவிலேயே பள்ளியை விட்டுப் போகிறாள், சுவிட்சர்லாந்து போயிற்று, வேலைக்குப் போக வேண்டும். வாசிக்கும் நாமும் "வேணும் அவளுக்கு" என்கிறோம்.

ஒருத்தி கைநீட்டினால் அவள் அப்பா கத்தியோடு வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போகிறார். இன்னொருத்தி வாய்நீட்டினால் அவள் அப்பா படுக்கையில் விழுகிறார். குவென்டலினுக்கு "வேணும்" என்றே வைத்துக்கொள்வோம். அந்த மனிதர் மகளுக்கு ஃபீஸ் கட்டியதைத் தவிர வேறென்ன செய்தார்? இதற்கு யாராவது பதில் சொல்லிவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.