பேசினால் ஆட்டிசம் இல்லை, பேசாவிட்டால் உரிமை இல்லை

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் போதும், டைம்லைன் முழுக்க நீலமாகிவிடும். ஒரு சின்னப் பையன் படம், பக்கத்தில் கண்கலங்கிய அம்மா, கீழே ஏதோ ஒரு தெரபி சென்டரின் போன் நம்பர். பெண் குழந்தை படம் அபூர்வம். முப்பது, நாற்பது வயதுப் பெண்ணின் படம் என் கண்ணில் பட்டதே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வளரவே மாட்டார்களா என்ன?

பேசிப் பழகும் விதமும், சத்தம், தொடுதலை உணரும் விதமும் பிறவியிலேயே வேறாக இருப்பதுதான் ஆட்டிசம். எனக்கு அது இருப்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். “உன்னையப் பார்த்தா அப்படித் தெரியலையே கண்ணு, நல்லாத்தானே பேசுற?” பாவம், பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

அது வெளியே தெரியாமல் இருப்பதற்கு நான் படும் பாட்டை ஒரு கல்யாண மண்டபத்தை வைத்துச் சொல்கிறேன். “எப்ப வந்தீங்க, மாமா வரலையா, பாப்பா எத்தனாவது படிக்கிறா” என்ற மூன்று வரியையும் ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்துவிடுவேன். கண்ணைப் பார்த்துப் பேச வராது, அதனால் அத்தைகளின் மூக்குத்தியைப் பார்த்துப் பேசுவேன். இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. பட்டுப்புடவை ஜரிகை இடுப்பில் அறுத்துக்கொண்டே இருக்கும். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் அட்சதை தூவுவார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம்கூடப் பொறுக்காமல் இருட்டில் படுத்துக் கிடப்பேன். மறுநாள் வாயில் பேச்சே வராது. அந்த மறுநாளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மண்டபத்தில் பார்த்தவர்கள்தான் எனக்கு ஆட்டிசம் இல்லை என்று தீர்ப்பு சொல்கிறார்கள்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 2017-ல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகளில் ஒரு பெண்ணுக்கு நாலரை ஆண் என்ற கணக்கு வந்தது. மக்களிடையே தேடிப் போய்ச் சோதித்த ஆய்வுகளில் அது மூன்றே காலாகக் குறைந்தது. தேடினால் கிடைக்கிறோம். தேடாததற்குப் பழைய காரணமும் உண்டு. ஆட்டிசம் பற்றி ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதியது நான்கு பையன்களைப் பற்றி. அவருக்கும் முன்பே, 1920-களில், சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா முதலில் பையன்களைப் பற்றியும் அடுத்துப் பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதிவிட்டார். உலகம் படித்தது ஆஸ்பெர்கரைத்தான், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. சுகரேவாவும் ஒரு பெண் என்பதைக் கவனிக்க.

நம் ஊருக்கு வருவோம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. அதற்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று ஆட்டிசத்தை மதிப்பிடும் ஓர் இந்திய அளவுகோல்: நாற்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கூட்டினால் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. கண்ணைப் பார்ப்பதில்லை, பிறரைப் பார்த்துப் புன்னகைப்பதில்லை என்றெல்லாம் அதில் வரும். “பொம்பளப் புள்ள, சிரிச்ச மூஞ்சியா இரு” என்று ஐந்து வயதிலிருந்து தலையில் குட்டிக் குட்டிப் பழக்கப்பட்டவள் இதில் எத்தனை மதிப்பெண் வாங்குவாள்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் சான்றிதழ் கேட்டு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனாள். “கல்யாணம் ஆயிடுச்சா? வேலைக்குப் போறீங்களா? அப்புறம் எதுக்கும்மா இதெல்லாம்?” கேள்விகள் அத்தோடு முடிந்தன. வேலையில் ஹெட்போன் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கத்தான் அந்தத் தாள் அவளுக்குத் தேவைப்பட்டது.

இது பேச்சு வந்தவளின் கதை. பேச்சு வராதவளின் கதை இதைவிட மோசம். அவளுக்குச் சான்றிதழ் உடனே கிடைக்கும், கூடவே ஒரு காப்பாளரும் கிடைப்பார். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பதினெட்டு வயது தாண்டிய பிறகும் காப்பாளரை நியமிக்கலாம். 2016 சட்டம் ஒரு படி முன்னேறி, அவளையும் கலந்தாலோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு செய்தால் தண்டனை. நல்லது. ஊனம் தீவிரமானது என்றால் மட்டும் மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் சம்மதமும் போதும். எவளுக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவள் சம்மதத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

1994-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் அரசுக் காப்பகத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதவிலக்கு நாட்களில் சுத்தமாக இருக்கத் தெரியவில்லையாம். அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். “எடுத்துட்டா நிம்மதி” என்று பெற்றோர் தணிந்த குரலில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

அம்மாக்களோடு எனக்குச் சண்டை இல்லை. “எனக்கப்புறம் யாரு?” என்ற பயத்தோடு வாழ்கிறவர்களிடம் போய் உரிமைப் பாடம் நடத்த மாட்டேன். அரசு கைவிட்ட இடத்தில் அவர்கள்தான் நிற்கிறார்கள். ஆனால் மேடையில் மைக் எப்போதும் அம்மாவிடமோ டாக்டரிடமோதான் இருக்கிறது. நான் மைக்கைப் பிடித்தால், “நீங்க ரொம்ப லேசான கேஸ், எங்க பொண்ணப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்” என்கிறார்கள். சரி, உங்கள் பெண்ணிடமே கேட்கலாமா என்றால், “அவளுக்கு என்ன தெரியும்” என்கிறார்கள். அப்போது யார்தான் பேசுவது?

படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் செயலி சென்னையிலேயே உருவானது. எழுத்துப் பலகையைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெண் பிள்ளைகளுக்கு இவற்றில் முதலில் கற்றுத்தருவது என்ன? “தண்ணி வேணும்”, “டாய்லெட் போகணும்”, “குட் மார்னிங் ஆன்ட்டி”. “வேண்டாம்”, “தொடாதே”, “வலிக்குது”, “இவரைப் பிடிக்கல” எல்லாம் பத்தாவது பக்கத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தெரபிஸ்ட்கள் யாராவது இதைப் படித்தால் நாளைக் காலையிலேயே அந்த நான்கையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

அடுத்த ஏப்ரலில் கூட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டிசம் உள்ள பெண்களைப் பேச்சாளர்களாகவே கூப்பிடுங்கள், ஒருத்தி போதாது. கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புங்கள். டைப் செய்து பதில் சொல்கிறவளுக்கு நேரம் கொடுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து “என்ன சொல்றா?” என்று கேட்காதீர்கள். டாக்டருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் தொகையை எங்களுக்கும் கொடுங்கள். பொன்னாடை மட்டும் வேண்டாம், அதுவும் அரிக்கும்.