ரிப்போர்ட் மட்டும் போதுமா?

இதய அறுவைக்கு வரும் எல்லோருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றுகள்) சோதனை கட்டாயம் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, செய்யட்டும். ஆனால் தொற்றிய புதிதில் சில வாரங்கள் சோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். பிளந்த மார்பெலும்பைக் கம்பியால் முறுக்கிக் கட்டும்போது அதன் நுனி கையுறையைக் கிழித்துவிடும்; அந்தக் கம்பிக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியுமா என்ன? ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், எந்த நோயாளிக்கு அறுவை செய்தாலும் மருத்துவர் இரட்டைக் கையுறை போடத்தான் வேண்டும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு. ஹெபடைடிஸ் பி-க்குத்தான் தடுப்பூசியே இருக்கிறதே, ஆபரேஷன் அரங்கில் நிற்பவர்கள் எல்லோரும் போட்டிருக்கிறார்களா? அப்புறம், 'பாசிட்டிவ்' என்றதும் ஆபரேஷனைத் தட்டிக்கழிப்பது அநியாயம். ஹெபடைடிஸ் சி பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. முடிவை நோயாளியிடம் தனியாகச் சொல்லிக் கல்லீரல் மருத்துவரிடம் அனுப்புவது யார் வேலை என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.